32 பக்கப் புத்தகத்தை நம்பி ஏமாந்தேன்: வெப்சைட் செய்யக் கொடுக்கப்போகிற திருகோணமலைக்காரர் கவனத்துக்கு

உப்புவெளியில் எங்களுக்கு ஆறு அறையோடு ஒரு சின்னக் கெஸ்ட் ஹவுஸ் இருக்கு. அப்பா கட்டின வீடு. பின்வளவில் நாலு அறையும் மாடியில் இரண்டும் பிறகு எடுத்தது. சித்திரை கழிந்தால்தான் எங்களுக்குச் சீசன். கடல் அடங்கும், புறாத்தீவுக்கு வள்ளம் ஓடும், புரட்டாதி வரைக்கும் மூச்சுவிட நேரம் இராது. பிறகு வாடைக்காற்றும் மழையும்தான். மெத்தையில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்கிறதே பெரிய வேலை. அப்படியொரு மழைக்காலத்தில்தான் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. முன்பதிவுத் தளம் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் பதினைந்து ரூபாவைத் தரகாக எடுக்கிறதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது.

விசிட்டிங் கார்ட் அடிக்கக் கொடுத்த இடத்தில் ஒரு தம்பியின் நம்பரைத் தந்தார்கள். ஆள் நல்ல மரியாதை. வந்தார், அறைகளைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார். "அக்கா, நாங்க வாய்ப்பேச்சில வேலை செய்யிறேல்ல. எல்லாம் எழுத்தில தருவம்" என்றார். மூன்றாம் நாள் 32 பக்கத்தில், கலரில், ஸ்பைரல் போட்ட திட்டப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. முழுக்க ஆங்கிலம். அம்புக்குறி போட்ட படங்கள், பெட்டிக்குள் பெட்டி. உண்மையைச் சொன்னால் நான் அதை வாசிக்கவில்லை, தடவித்தான் பார்த்தேன். இவ்வளவு எழுதுகிற பிள்ளை ஏமாற்றாது என்று 165,000 ரூபாவில் பாதியை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன்.

எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். நானும் எழுத்தில்தான் வாங்கினேன். அதனால்தான் இந்தப் பதிவு.

எல்லாம் நாறின பிறகு, கொழும்பில் சொப்ட்வெயார் வேலை பார்க்கும் என் தங்கச்சியின் மகள் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். 19ஆம் பக்கத்தில் நின்று சிரிக்கத் தொடங்கினாள். "பெரியம்மா, உங்கட கெஸ்ட் ஹவுஸில பனிச்சறுக்குச் சாமான் வைக்கிற அறை எங்க இருக்கு?" எங்கேயோ குளிர்நாட்டு ஹோட்டல் ஒன்றுக்கு யாரோ எழுதின திட்டம். அதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அதுவும் இரண்டு இடத்தில் மாற்ற மறந்துபோனார். உப்புவெளியில் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டாலே அக்கம்பக்கம் சிரிக்கும்.

அந்த 32 பக்கத்தில் எங்களுக்கென்று எழுதியிருந்தது நாலே நாலு வரி. மூன்று மொழிகளில் தளம். முன்பதிவு வசதி. தேவையான எல்லாப் பக்கங்களும். ஒரு வருடப் பராமரிப்பு. கேட்க நல்லாத்தான் இருக்கு. நாலு வரியாலும் எனக்கு அடி விழுந்தது.

முதலில் தமிழ். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்கு மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள், அவர்களுக்காகத்தான் தமிழ்ப் பக்கம் கேட்டேன். தளத்தில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. வாடகை விபரத்தைக் கொப்பி பண்ணி மட்டக்களப்பில் தெரிந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "என்ன அக்கா, போன் பழுதோ?" என்று பதில் வந்தது. பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. ஆள் தமிழைப் பாமினியில் அடித்திருக்கிறார். அச்சகத்தில் கலியாணக் கார்ட் அடிக்கிற அதே பழைய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், அதற்கு மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கு. வேறு இடத்தில் ஒட்டினவுடன் சட்டை கழன்றுவிடும். கூகுளும் சட்டையைப் பார்ப்பதில்லை, ஆகவே திருகோணமலையில் அறை என்று தமிழில் யார் தேடினாலும் எங்கள் பக்கம் அகப்படாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் தனி எண் கொடுக்கிற யூனிகோட் என்ற முறையில், 1991இல் வந்த முதலாவது பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி எண்கள் கொடுத்தாயிற்று. கேட்டால், "அக்கா, புத்தகத்தில மூண்டு மொழி எண்டு இருக்கு, மூண்டும் தந்திருக்கிறன்" என்கிறார். வாயடைத்துப் போனேன். அவர் சொன்னதில் பொய் இல்லையே.

முன்பதிவு வசதி என்றால் தேதியைப் போட்டவுடன் அறை காலியா இல்லையா என்று காட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வந்தது பெயரும் தேதியும் நிரப்பும் ஒரு படிவம். நிரப்பினவருக்கு "உங்கள் முன்பதிவு கிடைத்தது" என்று தானாக ஒரு மெயில் போகும். எங்களுக்கு வரவேண்டிய மெயில் அந்தத் தம்பியின் சொந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்கப் போட்ட முகவரியை மாற்றவே இல்லை. ஆவணியில் ஒரு நாள் விடியக் காலை கேற்றில் தட்டுச் சத்தம். கொழும்பு இரவு ரயிலில் வந்திறங்கின பிரெஞ்சுக் குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், தூக்கக் கலக்கம். தகப்பன் போனை நீட்டி மெயிலைக் காட்டுகிறார். ஆறு அறையிலும் ஆள். அம்மாவின் அறையைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவை ஹோலில் படுக்க வைத்தேன். எண்பத்தொரு வயது மனுசி. காசு போனதைக்கூட மறப்பேன், இதை மறக்கமாட்டேன்.

"தேவையான எல்லாப் பக்கங்களும்" என்றால் எத்தனை, எவை? அவருக்குத் தேவை நாலு, எனக்கு ஒன்பது. மிச்சத்துக்கு மேலதிகக் காசு.

கடைசி அடி பராமரிப்பில். வருடம் முடிந்த கையோடு தளம் நின்றுபோனது. திரும்ப வேண்டுமென்றால் 60,000 என்று செய்தி வந்தது. தளத்தின் முகவரியான டொட் கொம் பெயர் ஒன்றைப் புதுப்பிக்க ஆண்டுக்குப் பத்து, பதினைந்து டொலர் அளவுதான் ஆகும். நானே கட்டலாமென்றால் முடியவில்லை, பெயரை அவர் தன் கணக்கில், தன் பெயரில் பதிந்திருக்கிறார். காலாவதியான டொட் கொம்மை நீக்கின பிறகும் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அந்த உரிமை பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான். கார்டிலும் போர்டிலும் ஓட்டோக்காரர் ஒட்டின ஸ்டிக்கரிலும் நான் போட்டு வைத்திருந்த முகவரி என்னுடையதே இல்லை.

பொலிஸில் இது காசுப் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ என்றார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. தீர்ப்புச் சொல்லாது, இரண்டு பேரையும் இருத்திப் பேசி இணங்கவைக்கப் பார்க்கும். இணங்காவிட்டால் ஒரு சான்றிதழ் தரும், அதோடுதான் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே இருந்த ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, காலி அறையைக் காட்ட வேணும் எண்டு எங்க எழுதியிருக்கு?"

எழுதியில்லை. அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகச் சொன்னேன், அவரும் "ஓம் அக்கா, செய்து தாறன்" என்று சொன்னார். தேடினால் ஒன்றும் இல்லை. மறையும் செய்திகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வசதி இருக்கு. ஒரு நாள், ஏழு நாள், தொண்ணூறு நாள் என்று வைக்கலாம். அவர் முதல் கிழமையே ஏழு நாள் வைத்திருக்கிறார். வைத்தபோது அரட்டையில் ஒரு சின்ன வரி வந்துதான் இருக்கும், யார் பார்த்தது? மின்னஞ்சல், செய்தி எல்லாம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி ஆதாரமாகச் செல்லும். செல்லுவதற்கு அது கையில் இருக்க வேண்டுமே. கடைசியில் 40,000 ரூபா திருப்பித் தருவதாக, இரண்டு தவணையில், இணங்கினார்.

இரண்டாம் முறை வேறு ஆளிடம் தளம் செய்யக் கொடுக்கமுதல், தங்கச்சியின் மகள் வந்து நின்ற ஒரு போயா லீவில், சாப்பாட்டு மேசையில் இருந்து இரண்டு பக்கம் எழுதினோம். தமிழில். அவள் கேட்டாள், நான் சொன்னேன். "ஒரு ஆள் வெள்ளிக்கிழமை இரண்டு இரவுக்கு அறை கேட்டா என்ன நடக்க வேணும் பெரியம்மா? முதல்ல யாருக்குச் செய்தி வரவேணும்? அதே அறையை இன்னொருத்தர் கேட்டா?" வசதி என்ற சொல்லையே அவள் எழுத விடவில்லை, நடக்க வேண்டியதை நடக்கிறபடி எழுதச் சொன்னாள். ஒன்பது பக்கத்துக்கும் பெயர் போட்டோம். எந்தப் படத்தை நான் எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்றும் எழுதினோம் (போனமுறை நானும் படங்களைக் கொடுக்க ஒன்றரை மாதம் இழுத்தடித்தேன், அதையும் சொல்லத்தானே வேணும்). இந்தக் காசுக்குள் செய்யத் தேவையில்லாதவற்றையும் எழுதினோம். முதலில் எனக்கு அது வீண்வேலை மாதிரித் தெரிந்தது, பிறகுதான் சண்டை அங்கேதான் தொடங்கும் என்று விளங்கியது. திருத்தம் மூன்று தரம். அதற்கு மேல் புதிதாக எது கேட்டாலும், விலையும் நாளும் மெயிலில் வந்து நான் சரி என்று பதில் போட்ட பிறகுதான் கை வைக்கலாம்.

காசை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நானே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று வைத்தோம். தமிழ் வரி ஒன்றை வாட்ஸ்அப்பில் ஒட்ட வேண்டும், தமிழாக நின்றால் அந்தத் தவணை. என் போனிலிருந்து போலியாக ஒரு அறை பதிய வேண்டும், எனக்கு மெயில் வந்தால் அடுத்தது. டொமைன் என்கிற தள முகவரியை வேலை தொடங்கமுதலே என் அடையாள அட்டைப் பெயரில், என் மெயிலில், என் காசில், இலங்கைக்கான டொட் எல்கே ஆகப் பதிந்தேன். தளத்தை இணையத்தில் வைத்திருக்கிற ஹோஸ்டிங் கணக்கு, நிர்வாகிக் கடவுச்சொல், தளத்தின் முழுப் பிரதி இவை மூன்றும் கைக்கு வந்தால்தான் கடைசித் தவணை.

இதை இந்த முறை வேலை எடுத்த பிள்ளையிடம் கொடுத்தேன். கிண்ணியாப் பக்கம். வாசித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் பதினொரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தாள். ஒன்று: "கார்த்திகையில வள்ளம் ஓடாதே, அப்ப முன்பக்கத்தில புறாத்தீவுப் படம் இருக்கலாமா, அக்கா?" இரண்டு பக்கம் மூன்று பக்கமானது. தளம் பங்குனியிலிருந்து ஓடுது.

அந்த மூன்று பக்கமும் வேண்டியவர்கள் கேளுங்கோ, படம் எடுத்து அனுப்புறன். முதல் ஆளின் பெயரை மட்டும் தயவுசெய்து கேட்கவேண்டாம். இரண்டாம் தவணை 20,000 இன்னும் வரவில்லை.