கூரை ஜன்னல் வைக்கிறீர்களா? உள்பலகையை மூடுவதற்கு முன் பாருங்கள்

சாய்கூரைக்கு அடியில் இருக்கும் அறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று கூரை ஜன்னல் வைக்கக் கொடுத்தோம். வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கூரையைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு குடும்பம் இப்படி மாட்டக்கூடாது.

குளிர்காலம் தொடங்கியதும் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவரைக் கூப்பிட்டோம். வெளியே ஏறி, ஓட்டுக்கும் ஜன்னலைச் சுற்றியுள்ள தகட்டுக்கும் நடுவே சிலிக்கானை அப்பிவிட்டு "இனிமேல் ஒழுகாது" என்றார். ஒழுகியது. மறுபடி கேட்டால், "நீங்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை, சமையல் ஆவிதான் காரணம்" என்று பழியை எங்கள் மேல் போட்டார். சமையல் ஆவி இல்லாத வீடு எது? அதோடு, மழையே இல்லாத கடுங்குளிர் நாட்களில்தான் அதிகம் சொட்டியது.

அப்புறம் வேறொரு தச்சரை வரவழைத்து, ஜன்னலைச் சுற்றி அறைப் பக்கம் அடித்திருந்த உள்பலகையைக் கழற்றினோம். அறையின் ஈரக்காற்று கூரைக்குள் போகாமல் தடுக்கும் நீராவித் தடுப்புத் தாளைக் கத்தியால் குறுக்கே கீறி, மடித்து அப்படியே விட்டிருக்கிறார்கள். ஜன்னல் சட்டத்தோடு ஒட்டவே இல்லை. அங்கங்கே பார்சல் கட்டும் டேப், அதுவும் உரிந்து தொங்கியது. சட்டத்துக்கும் கைமரத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் ராக்வூல் (குளிரைத் தடுக்க வைக்கும் பஞ்சு போன்ற பொருள்) துணுக்குகள், மற்றப் பக்கங்களில் ஒன்றுமே இல்லை. ராக்வூல் நனைந்து கனத்திருந்தது. மரத்தில் கறுப்பாகப் பூஞ்சை.

நடந்தது இதுதான். வீட்டுக்குள் 20 டிகிரியில், ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள காற்று சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஆவி தண்ணீராகிவிடும். சூடான காற்று மேலே ஏறி, கூரையில் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நுழையும். தாள் ஒட்டப்படாத இடத்தில் புகுந்து, குளிர்ந்த மரத்தைத் தொட்டு நீராகச் சொட்டியிருக்கிறது. வெளியே எத்தனை குழாய் சிலிக்கான் வைத்தாலும் இது நிற்காது. நனைந்த ராக்வூல் குளிரையும் தடுக்காது.

அதனால், உள்பலகை அடிக்கும் முன் நீங்களே ஏறிப் பாருங்கள், நாலு பக்கமும் படம் எடுங்கள். சட்டத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் இன்சுலேஷன் இருக்கவேண்டும். உள்ளே நீராவித் தடுப்புத் தாள் அதற்கென்று உள்ள டேப்பால் சட்டத்தோடு, மூலை உட்பட, முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். வெளியே ஓட்டுக்கு அடியில் உள்ள தாளோடும் சட்டம் இணைய வேண்டும்; ஜன்னலுக்கு மேலே தண்ணீரை ஒதுக்கிவிடும் வாய்க்கால் தகடு வேண்டும். உள்பலகையில் மேல்பக்கம் தரைக்கு இணையாகவும் கீழ்ப்பக்கம் செங்குத்தாகவும் இருந்தால்தான் அறையின் சூடு கண்ணாடி மேல் படும். எங்களுக்கு அதையும் கூரைச் சரிவுக்கு நேராகவே வெட்டியிருந்தார்கள்.

முடிந்தால் விசிறி வைத்து 50 பாஸ்கல் அழுத்தத்தில் செய்யும் காற்றுக்கசிவுச் சோதனையைப் பலகை மூடுவதற்கு முன்பே கேளுங்கள். கடைசித் தவணையை அதுவரை கொடுக்க வேண்டாம்.

அந்த ஒப்பந்தக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. கழற்றியபோது எடுத்த படங்களோடு, மரத்துக்கும் ராக்வூலுக்கும் மறுவேலைக் கூலிக்கும் ஈடு கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறோம்.