லைட்னிங்: வண்டிக்கு முழு மதிப்பெண், டீலர்களுக்கு இல்லை

2025 ஆகஸ்டில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்அப்பின் லேரியட் மாடலை எடுத்தேன், பெரிய பேட்டரியோடு. வண்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் பெட்டி, வாராந்திர மளிகை மொத்தமும் மழையில் நனையாமல் அதிலேயே அடங்கிவிடுகிறது. வண்டியிலுள்ள பிளக்குகளில் மொத்தம் 9.6 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கலாம் என்பதால் ரம்பமும் கம்ப்ரெஸரும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஜெனரேட்டர் இரைச்சல் இல்லாமல்.

ஒரு சார்ஜுக்கு 320 மைல் என்பது அரசு மதிப்பீடு, அதுவும் வெறும் வண்டிக்கு. டிரெய்லர் மாட்டினால் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைவிட டிரெய்லரின் உயரம்தான் சார்ஜைத் தின்னும், காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமே. கடுங்குளிரிலும் குறையும். வாரக் கடைசிதோறும் எதையாவது இழுத்துக்கொண்டு மலையேறுகிறவர் டீசலிலேயே இருக்கட்டும்.

சரி, வரி விஷயம். புது மின்சார வண்டிக்கு அமெரிக்க அரசு தந்த 7,500 டாலர் வரிச் சலுகையை வண்டி வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளும் வசதி 2024 ஜனவரியிலிருந்து இருந்தது. பிறகு வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கேட்டால், கட்ட வேண்டிய வரி எவ்வளவோ அதற்குள்தான் கிடைத்தது. வரி 5,000 என்றால் மிச்சம் 2,500 போயே போச்சு, அடுத்த வருடத்துக்கும் நகராது. சலுகையை டீலரிடம் மாற்றிக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டால் முழுத் தொகையும் கிடைத்தது. ஆனால் வருமானம் தனிநபருக்கு 1.5 லட்சம், தம்பதிக்கு 3 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டியிருந்தது, வாங்கிய வருடமோ அதற்கு முந்தைய வருடமோ ஏதாவது ஒன்றில். இரண்டிலும் தாண்டினால் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது.

முதலில் போன டீலர், பெயர் வேண்டாம், அதெல்லாம் ஏப்ரலில் வரிக் கணக்கு போடும்போது நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், எங்களுக்கு வேலை இல்லை என்றார். பச்சைப் பொய். விற்பனை அறிக்கையை டீலர் ஐஆர்எஸ் தளத்தில் பதிவு செய்யாவிட்டால் யார் கேட்டாலும் ஒரு பைசா வராது. எழுந்து வந்துவிட்டேன். வேறொரு இடத்தில் அறிக்கையின் நகல் கைக்கு வந்த பிறகே சாவியை வாங்கினேன். பிக்அப்புக்கான 80,000 டாலர் விலை உச்சவரம்பையும் அங்கேதான் தெளிவாகச் சொன்னார்கள்: தொழிற்சாலையில் பொருத்தி வரும் கூடுதல் சாமான்கள் கணக்கில் சேரும், டெலிவரி கட்டணம் சேராது. அப்புறம், விலையில் கழித்துக்கொண்டாலும் வரிக் கணக்கோடு படிவம் 8936 போட்டே ஆக வேண்டும்.

2025 செப்டம்பர் 30க்குப் பிறகு வாங்கும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் அசெம்பிள் ஆன புது வண்டியின் கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், 2028 வரை. ஆனால் கழிவு வேறு, 7,500 ரொக்கம் வேறு. லைட்னிங்கை இந்த வடிவில் நிறுத்துவதாக 2025 டிசம்பரில் ஃபோர்டும் சொல்லிவிட்டது. இன்று என்னைக் கேட்டால் பழைய லைட்னிங்கையே எடுக்கச் சொல்வேன். பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல், அடுத்த உரிமையாளருக்கும் செல்லும். பேட்டரி 98 கிலோவாட்-அவரா 131ஆ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.