இக்னோ எம்.ஏ. வரலாறு: சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றில் முதுகலை முடிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இக்னோவை, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத்தான். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சேரலாம். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது. பாடநூல்களுக்காக மட்டுமே இதில் சேர்ந்தாலும் நஷ்டமில்லை. சிக்கல்கள் மற்ற இடங்களில் இருக்கின்றன.

முதலில் நூல்களைப் பற்றி. மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மனப்பாடம் செய்து பழகியவர்களுக்கு இவை வேறு உலகம். பழங்காலச் சமூகங்கள் பற்றிய தாள் வேட்டையாடி வாழ்ந்த குழுக்களில் தொடங்குகிறது. நகரமயமாக்கம் பற்றிய தாளில் தென்னிந்தியக் கோயில் நகரங்களுக்கும் விஜயநகரத்துக்கும் தனி இடம் உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதை ஆராயும் வரலாற்றெழுதியல். காரணம் காட்டுவது என்றால் என்ன, சார்பில்லாமல் எழுத முடியுமா என்ற கேள்விகளில் தொடங்கி, பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களின் அனால் (Annales) பள்ளி, மார்க்சியம், அடித்தள மக்கள் ஆய்வு வரை கொண்டுபோகிறது. பட்டம் தேவையில்லாதவர்களும் படிக்க வேண்டிய தாள் இது. எல்லா நூல்களும் இக்னோவின் இணைய நூலகமான இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மொத்தம் 64 கிரெடிட், தாளுக்கு 8 வீதம் எட்டுத் தாள்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. அப்படியானால் இரண்டு ஆண்டில் முடிக்க ஆண்டுக்கு 960 மணி நேரம், வாரத்துக்கு ஏறத்தாழ 18. வார விடுமுறையில் மட்டும் உட்கார்ந்து இதை எட்ட முடியாது. இரண்டே ஆண்டில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

அடுத்தது அசைன்மென்ட். தாளுக்கு ஐந்து விடைகள், ஒவ்வொன்றும் 500 சொல் அளவில், கையால் எழுத வேண்டும். ஆண்டுக்கு இருபது விடைகள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் சேர்ந்த பருவத்துக்கு உரிய வினாத்தாளை மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். போன ஆண்டு வினாக்களுக்கு எழுதிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள், எழுதிய தாள்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள். மதிப்பெண் பதிவேறாமல் போனால் அந்த ரசீதுதான் துணை.

மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே 40 எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட்டில் 80, தேர்வில் 38 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 50.6 வருகிறது, ஆனாலும் அந்தத் தாளில் தேர்ச்சி இல்லை. அதேபோல இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவு தானாக நடக்காது. முதலாண்டுத் தேர்வு எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், உரிய தேதிக்குள் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். தேர்வு விண்ணப்பமும் கட்டணமும் தனி. இதைத் தவறவிட்டு ஒரு பருவத்தையே இழப்பவர்கள் நிறையப் பேர்.

தேர்வு மூன்று மணி நேரம், ஐந்து விடை. விடைக்கு 36 நிமிடம். நன்றாகப் படித்தவர்களும் 40 சுற்றியே நிற்பது ஏன் என்பதற்கு ரயத்துவாரி என்ற பிரிட்டிஷ் கால நிலவரி முறையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1792இல் பாராமகால் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது, கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள், 1820இல் மன்றோ சென்னை ஆளுநரான பின் முறை பரவியது என்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னால் விடை பாதியில் நின்றுவிடும். உழவரிடம் நேரடி வசூல் என்ற கொள்கை கிராமத்தில் எப்படி நடந்தது, மிராசு என்ற பரம்பரை நில உரிமைக்குக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் ஏன் வாதாடினார், பட்டா யார் பெயருக்குப் போனது, நிலமற்ற கூலியாளுக்கு என்ன கிடைத்தது என்று வாதம் நகர வேண்டும். முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். நூலின் அலகு முடிவில் வரும் பயிற்சி வினாக்களை எழுதிப் பார்ப்பது இதற்கு நல்ல பழக்கம்.

குறைகள் இரண்டு பெரியவை. ஒன்று மொழி. பாடமும் தேர்வும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான். தமிழ் வழியில் பட்டம் முடித்தவர்களுக்கு இது உண்மையான சுமை; பாடத்தைப் புரிந்துகொள்ளும் திறமை இருந்தும் மொழியால் மதிப்பெண் இழக்கிறார்கள். தமிழில்தான் எழுத வேண்டும் என்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விசாரிப்பது நல்லது. மற்றொன்று, கள அனுபவம் அறவே இல்லை. கல்வெட்டு வாசிப்பு, அகழாய்வு, மூல ஆவணங்களோடு பழகுவது எதுவும் இதில் கிடைக்காது. பல அலகுகள் 2000களில் எழுதப்பட்டவை என்பதால் கீழடிக்குப் பிந்தைய விவாதங்களை வெளியே தேடித்தான் படிக்க வேண்டும். தொல்லியல் பக்கம் போக விரும்புபவர்களுக்கு மாநிலத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்பே பொருத்தம்.

கட்டணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இ-ஞானகோஷில் வரலாற்றெழுதியல் தாளின் ஏதாவது ஒரு அலகைப் படித்து, அதன் கடைசி வினாவுக்குக் கடிகாரம் வைத்து 36 நிமிடத்தில் கையால் 500 சொல் எழுதிப் பாருங்கள்.