நாள் கணக்குச் செயலி: முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள்

போனில் வைத்திருக்க வேண்டிய செயலிதான், ஆனால் திறந்தவுடன் வரும், நாளை மாதமாக, ஆண்டாக மாற்றும் பெட்டியை நம்பி ஒரு காரியமும் செய்யாதீர்கள். அது வெறும் வகுத்தல். 10,000 நாள் என்று போட்டால் 365 ஆல் வகுத்து 27 ஆண்டும் 145 நாளும் என்கிறது. 27 ஆண்டுக்குள் பெப்ரவரி 29 ஆறோ ஏழோ தடவை வந்து போயிருக்குமே, அதை யார் கழிப்பது? 2000 ஜனவரி 1 இலிருந்து 10,000 நாள் எண்ணினால் 2027 மே 19 வரும், அதாவது 27 ஆண்டும் 138 நாளும்தான். ஒரு கிழமை பிழை. நாளை மணித்தியாலமாக்கவோ கிழமையாக்கவோ அந்தப் பெட்டி போதும். மாதமும் ஆண்டும் வந்தால்தான் சிக்கல்.

இரண்டு திகதியைக் கொடுத்து இடைப்பட்ட காலத்தைக் கேட்கும் இரண்டாம் பக்கம் அருமை. அரச வேலையில் இருந்த பெரியம்மாவின் சேவைக்காலத்தை ஓய்வூதிய விண்ணப்பத்துக்காக அதில்தான் பார்த்தோம், ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துத் தந்தது, கலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தபோதும் அதே விடைதான். இணையம் இல்லாமலும் ஓடும்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்து 31 ஆம் நாள் செய்யும் கிரியையான அந்தியேட்டிக்கு இறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். மார்ச் 1 இல் மோசம் போனவருக்கு மார்ச் 31 அன்று அந்தியேட்டி. இந்தச் செயலியில் 31 என்று கூட்டினால் ஏப்ரல் 1 என்று காட்டும், ஏனென்றால் அது முதல் நாளை எண்ணுவதில்லை. அந்தக் கிரியைக்காகக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வாகனம் பிடித்து, சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிவிட்ட பிறகு இது தெரிந்தால் எவ்வளவு கஷ்டம்! 30 என்று போடுங்கள். செயலியைச் செய்தவர்கள் 'முதல் நாளையும் சேர்' என்று ஒரு பொத்தான் வைத்தால் எவ்வளவோ புண்ணியம்.

ஒரு வருடம் முடிய வரும் ஆட்டைத்திவசத்துக்கு மட்டும் இதைத் தொடவே வேண்டாம். அது திதிக் கணக்கு. 12 சந்திர மாதம் சேர்ந்தாலும் ஏறக்குறைய 354 நாள்தான் வரும், அதனால் திதி பெரும்பாலும் 11 நாள் முந்திவிடும், சில வருடம் பிந்தியும் போகும். ஐயரைக் கேட்பதுதான் சரி.

அப்புறம், நாழிகை இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. செக்கனுக்குக் கீழே உள்ளதெல்லாம் இருக்கிறது, வீட்டில் தொங்கும் பஞ்சாங்கத்தில் இருப்பது இல்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 செக்கன். 10 நாழிகை 30 விநாழிகை என்றால் 4 மணித்தியாலம் 12 நிமிடம், அதை அன்றைய சூரிய உதயத்தோடு கூட்ட வேண்டும்; உதயம் 6.10 என்றால் 10.22. இதைச் சேர்த்து ஒரு புதிய பதிப்பு வந்தால் காசு கொடுத்தும் வாங்குவேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.