சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்: சேவை எப்படி இருக்கும்?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் பெருமாளை நிம்மதியாகச் சேவிக்க, அதாவது தரிசிக்க, முடியுமா என்று கேட்டால், எந்தக் கிழமை என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். வாரநாள் மாலை, நடை திறந்த கையோடு போனால் சந்நிதியில் நெரிசல் இராது. வேண்டிய மட்டும் நிற்கலாம். புரட்டாசிச் சனிக்கிழமை கதையே வேறு. வரிசை நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்து சேர்ந்ததும் தொண்டூழியர் கையசைத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை, பின்னால் நிற்பவர்களும் சேவிக்க வேண்டுமே.

ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். கோயில் 1855-இல் தொடங்கியது, 1978 முதல் தேசிய நினைவுச்சின்னம். 20 மீட்டர் ராஜகோபுரம் 1979-இல் வந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த வெயில் கண்ணோடு நேரே மூலவர் முன் போய் நிற்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வெளிச்சத்திலிருந்து வந்த கண் நிழலுக்குப் பழகச் சில நிமிடமாவது ஆகும். அதற்குள் தீபாராதனை முடிந்துவிட்டால் பார்த்தது மாலையும் புகையும்தான். தாயாரை முதலில் சேவித்துவிட்டுப் பெருமாளிடம் போவது வைணவ மரபு. அதன்படி போனால் கண்ணுக்கும் அவகாசம் கிடைத்துவிடும். மகாலட்சுமிக்கும் ஆண்டாளுக்கும் இங்கே தனிச் சந்நிதிகள் உண்டு.

நிற்கும் இடமும் முக்கியம். பெருமாளுக்கும் எதிரே கைகூப்பி நிற்கும் கருடாழ்வாருக்கும் நடுவில் மறைத்து நிற்காதீர்கள். ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். திரை விலகியதும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் ஏராளம். வேண்டுதலை வீட்டிலேயே சொல்லிக்கொள்ளலாம், வந்தது பார்க்கத்தானே!

பார்வை திருவடியில் தொடங்கட்டும். ஆழ்வார்களில் ஒருவரான திருப்பாணாழ்வார் திருவரங்கத்துப் பெருமாளைப் பார்த்த வரிசை அதுதான்: திருவடி, ஆடை, உந்தி, வயிறு, திருமார்பு, கழுத்து, வாய், பிறகு கண். அவர் பாடியது பத்தே பாசுரம். ஸ்ரீநிவாசர் திருக்கோலத்தில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. வலது கீழ்க்கை திருவடியைத்தான் சுட்டுகிறது, இடது கை தொடையருகே இருக்கிறது, மேற்கைகளில் சங்கும் சக்கரமும். பட்டர் (அர்ச்சகர்) தீபத்தை உயர்த்தும்போது வெளிச்சத்தோடு சேர்ந்து கண்ணையும் மேலே கொண்டுபோங்கள். கருங்கல் திருமேனியின் நுணுக்கம் அந்த ஒளியில்தான் பிடிபடும். புரட்டாசி நெரிசலில் இவ்வளவுக்கும் நேரம் கிடைக்காது; திருவடி, திருமுகம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பையை விட்டு எடுத்தீர்களோ, அந்த இரண்டும் போச்சு.

தீர்த்தம் வாங்கும்போது வலது கையைக் குழித்து, இடது கையை அடியில் கொடுங்கள். கீழே சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். சடாரியை, அதாவது பெருமாளின் திருவடி பதித்த கிரீடத்தை, தலையில் வைக்கும்போது வாயைப் பொத்திக் குனிய வேண்டும். இங்கே திருநீறு எதிர்பார்க்காதீர்கள், துளசிதான். அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குவோர் பெயர், நட்சத்திரம், ராசியை முன்பே சரிபார்த்து வைத்துக்கொண்டால் சந்நிதியில் தடுமாற்றம் இருக்காது. துளசி மாலை வேண்டுமென்றால் தேக்காவில் பஃப்ளோ ரோட்டுப் பூக்கடைகளில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

தைப்பூசத்தன்று அமைதியான சேவையைத் தேடி வராதீர்கள். காவடியும் பால்குடமும் இங்கிருந்துதான் புறப்பட்டு, சில கிலோமீட்டர் தள்ளி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன. முருகன் திருவிழா மாமன் வீட்டிலிருந்து கிளம்புவது அழகுதான். ஆனால் அன்று மாமனை நின்று பார்க்க இடம் கிடைக்காது. வைகுண்ட ஏகாதசிக்கும் கூட்டம்தான்.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வரும் அலுவலகக்காரர்கள் கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.