"பேக்கப் எடுத்தாச்சு சார்" என்றால், ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

யுனிவர்சல் ரிமோட்டை யாரிடமாவது புரோகிராம் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது என் நோக்கமில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. கண் நீர் அழுத்த நோயில் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி, ஆம்ப்ளிஃபையர் நான்குக்கும் சேர்த்து அவர் கையில் ஒரே ரிமோட்தான். தம்பி பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒன் ஃபார் ஆல் பிராண்டு ரிமோட். முக்கியமான ஆறு பொத்தான்களில் என் மனைவி நகப்பூச்சால் மேடாகப் புள்ளி வைத்திருக்கிறாள். அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்தே எல்லாவற்றையும் இயக்குவார். தூங்கப் போகும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் டிவியும் ஆம்ப்ளிஃபையரும் அணைந்து, ஏசி 26-க்கு வந்துவிடும். அதை அவரே செட் செய்தார், பார்வை நன்றாக இருந்த காலத்தில்.

அந்த ஆம்ப்ளிஃபையர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி அப்பா கையால் அசெம்பிள் செய்தது. கிட்டோடு வந்த சின்ன ரிமோட் 2019-ல் தண்ணீரில் விழுந்து வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபையருக்கான சிக்னல் வேறெங்கும் இல்லை, முன்பே அதைக் கற்றுப் பதிந்துகொண்ட இந்த ரிமோட்டின் மெமரியில் மட்டும்தான் இருந்தது. இதை நான் கடைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன்.

புது செட்டாப் பாக்ஸ் வந்ததால்தான் கடைக்கே போக வேண்டியிருந்தது. ஏசி பொத்தான்களிலேயே மெமரி பெரும்பாலும் நிரம்பிவிட்டது. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் டெம்பரேச்சர், மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும், அதனால் ஒவ்வொரு சிக்னலும் நீளமானது. வேண்டாததை நீக்கி, புது பாக்ஸைச் சேர்க்க வேண்டும். "400 ஆகும். மெமரி பேக்கப் தனியா 200" என்றார். பேக்கப்தானே எனக்கு முக்கியம், சரி என்றேன். பில்லிலும் "மெமரி பேக்கப் 200" என்று எழுதி வாங்கினேன். மாலையில் ரிமோட்டும் ஒரு பென் டிரைவும் கைக்கு வந்தன. "எல்லாம் இதுல பத்திரமா இருக்கு சார்."

வீட்டுக்கு வந்தால் செட்டாப் பாக்ஸ் ஓடுகிறது, டிவி ஓடுகிறது. அப்பா வால்யூம் புள்ளியைத் தடவி அழுத்துகிறார், ஆம்ப்ளிஃபையர் அசையவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டி மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாள் கடையில், "பழைய ரிமோட் சார், மெமரி வீக் ஆயிடுச்சு" என்றார். பேக்கப்பிலிருந்து திருப்பி ஏற்ற இன்னொரு 300 கேட்டார். நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. பென் டிரைவில் இருந்த ஃபைலை நானே கம்ப்யூட்டரில் திறந்தேன். பதிந்த சிக்னல்கள்: பூஜ்யம். மேக்ரோ (ஒரே பொத்தானில் பல வேலை செய்யும் அமைப்பு, அப்பாவின் இரவுப் பொத்தான் போல): பூஜ்யம். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு அந்தக் கடைப் பையன்தான் உண்மையைச் சொன்னான். குழப்பம் வரக் கூடாது என்று முதலில் ரீசெட் அடித்துவிட்டு, அப்புறம்தான் ஃபைல் எடுத்திருக்கிறார்கள். இந்த ரிமோட்டில் செட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்து, விளக்கு இரண்டு முறை மின்னியதும் 9-8-1 அடித்தால் போதும், கற்றுக்கொடுத்தது எல்லாம் துடைத்துப் போய்விடும். வெறும் பலகையைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, என்னிடம் 200 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

இந்த வேலை எவ்வளவு சுலபம் என்று தெரிந்த பிறகுதான் கோபம் அதிகமானது. இந்த வகை ரிமோட்டுகள் பலவற்றில் பேட்டரி மூடியைத் திறந்தால் ஆறு முனைகள் தெரியும். ஜேபி1 என்பார்கள். அதற்கென்றே ஒரு கேபிள் உண்டு; கம்ப்யூட்டரில் ரிமோட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருள் போதும். பேட்டரியைக் கழற்றாமல் கேபிளைச் செருகி, "டவுன்லோட்" கொடுத்தால் மெமரி முழுவதும் வந்துவிடும். பழைய மாடல்களில் அந்த மெமரி சிப்பே 2 கிலோபைட் அளவில்தான் இருக்கும். சில நிமிட வேலை. ரிமோட்டில் ஒரு பொத்தானைக்கூட மாற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். கற்ற சிக்னல்களின் பட்டியலில் உங்கள் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். கடையில் கொடுப்பதானால் உங்கள் எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ரிமோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறு முனை இல்லாத, சாதாரண லேர்னிங் ரிமோட் (வேறு ரிமோட்டின் சிக்னலைக் கற்றுப் பதிந்துகொள்வது) என்றால் இன்னொரு லேர்னிங் ரிமோட் வாங்கி, இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, முக்கியமான பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்து வைக்கலாம். டிவி, பாக்ஸ் எந்த வகை என்று ரிமோட்டுக்குச் சொல்லும் கோடு எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் ஐஆர் (ரிமோட்டுகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளி) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பெரும்பாலான போன்களில் அது அனுப்பும், வாங்கிப் பதியாது.

ஆம்ப்ளிஃபையர் கதைக்கு வருகிறேன். இதுபோன்ற கிட்டுகளில் பலவும் என்இசி என்ற ரிமோட் சிக்னல் முறையில்தான் பேசும் என்று அக்கா மகன் சொன்னான். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி, பிறகு கட்டளை எண். கட்டளைகள் மொத்தம் 256-க்கு மேல் இருக்காது. முகவரி பூஜ்யமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, ஆர்டுயினோ என்ற, நாமே புரோகிராம் செய்யக்கூடிய சின்ன போர்டில் ஐஆர் எல்இடி மாட்டி, 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்பினான். பாட்டை ஓடவிட்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஆம்ப்ளிஃபையர் ஆஃப் ஆகும், நாங்கள் மறுபடி ஆன் செய்து தொடர்வோம். மூன்றாம் நாள் மாலை வால்யூம் ஏறியது. அப்பா உள்ளே இருந்து "யாருடா ஏத்தினது?" என்று கேட்டார். கிடைத்த எண்களை அந்த எல்இடியிலிருந்தே ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுத்தோம். முகவரி வேறாக இருந்திருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

கடைக்காரரிடம் பில்லைக் காட்டி, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப் போவதாகச் சொன்னதும் 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். 400-ஐப் பற்றிப் பேசவில்லை. இப்போது ரிமோட்டின் ஃபைல் என் கம்ப்யூட்டரிலும் தம்பியின் மெயிலிலும் இருக்கிறது. இரவுப் பொத்தான் மட்டும் இன்னும் பழையபடி வரவில்லை. ஏசியை முதலில் வைத்திருந்தாரா, டிவியை முதலில் வைத்திருந்தாரா என்று அப்பாவுக்கே நினைவில்லை.