அசல் பழைய ஐரிஷ் லினன் சுற்று: கைக்குச் சுகம், கண்ணுக்கு எரிச்சல்

நண்பன் ஒருவன் தன் கஸ்டம் க்யூவுக்கு (பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்) கைப்பிடிச் சுற்றை, அதாவது பிடியைச் சுற்றியிருக்கும் நூலை, மாற்றப் போகிறானாம். "நீ பழைய ஐரிஷ் லினன் போட்டிருக்கியே, எப்படி இருக்கு, தேடி வாங்கலாமாடா?" என்று கேட்டான். லினன் என்றால் ஆளிச் செடியின் நாரில் நூற்ற நூல். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆரம்பித்ததும் அந்தப் பட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அப்புறம் ஒரு வரியில் எங்கே நிற்பது.

என் க்யூவின் கைப்பிடியில், பின்முனையை ஒட்டி, ஒரு விரற்கடை அகலத்துக்கு நூல் பழுப்பாக இருக்கிறது. அதைத் தாண்டினால் வெளிர் கிரீம். இரண்டுக்கும் நடுவே நிறம் மெல்ல மெல்ல மாறினாலாவது பரவாயில்லை, பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரே இடத்தில் மாறுகிறது. பார்ப்பவர்கள் எல்லோரும், ஒருவர் விடாமல், "நூல் பத்தாமப் போச்சா, வேற நூலைச் சேர்த்துட்டாங்களா?" என்கிறார்கள். இல்லைங்க, ஒரே நூல், ஒரே ஸ்பூல், பிரச்சினையே அதுதான். பல பத்தாண்டுகளாக அட்டைப்பெட்டியிலும் அலமாரியிலும் கிடந்த ஸ்பூலில் வெளி அடுக்கு மட்டும் வெளிச்சத்தையும் அட்டையின் அமிலத்தையும் வாங்கிப் பழுத்துப்போகும், உள்ளே இருக்கும் அடுக்குகள் ஏறக்குறைய சுற்றிய அன்றைய நிறத்திலேயே இருக்கும். க்யூவை லேத்தில் சுழலவிட்டு நூலைச் சுற்றும்போது ஸ்பூலிலிருந்து முதலில் கழல்வது வெளி அடுக்கு. அது போய் உட்கார்ந்த இடம் என் கைப்பிடியின் பின்முனை.

நல்லதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும். கைக்கு இதுபோல ஒரு சுற்றை நான் பிடித்ததில்லை. எனக்கு உள்ளங்கை வியர்க்கும், மேசையில் ஆட்டத்தை முடிக்கும் எட்டாம் பந்து மட்டும் மிச்சம் இருக்கும்போது இன்னும் தாராளமாக வியர்க்கும். முன்பு இருந்த நைலான் சுற்றில் அந்த ஈரம் நூலுக்கும் தோலுக்கும் நடுவே நின்று வழுக்கும். லினன் அதைக் குடித்துவிடுகிறது. இது மனப்பிரமை இல்லை. சாதாரணக் காற்று ஈரத்தில் ஆளி நார் தன் எடையில் சுமார் 12 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பருத்திக்கு எட்டு சொச்சம், நைலானுக்கு நாலு சொச்சம், பாலியஸ்டருக்கு ஒன்றுகூடத் தேறாது. நீண்ட ஆட்டம் முடிந்து கையைத் துடைக்கும்போதுதான் இன்றைக்கு ஒரு தடவைகூடத் துணியைத் தேடவில்லையே என்று உறைக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நன்றாக அழுத்தித் தேய்த்த லினனில் விரலை ஓட்டினால் நூல் வரிசை தெரியும், ஆனால் உரசாது. அங்கங்கே மட்டும் ஒரு சின்னத் தடிப்பு தட்டுப்படும். ஆளி நார் எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்காது, நூற்கும்போது சில இடங்களில் திரண்டுவிடும். அப்படி ஒரு தடிப்பு என் ஆள்காட்டி விரல் விழும் இடத்துக்குச் சற்று முன்னால் அமைந்துவிட்டது. இப்போதெல்லாம் கையை எங்கே வைப்பது என்று நான் பார்ப்பதே இல்லை, அந்தத் தடிப்பைத் தேடி விரல் தானாகப் போய்விடுகிறது. காசு கொடுத்து ஆர்டர் செய்தாலும் இந்த இடத்தில் இப்படி ஒன்று கிடைக்காது.

சரி, இந்த "அசல்" சங்கதிக்கு வருவோம். க்யூவில் சுற்றும் ஐரிஷ் லினன் பிறப்பால் மீன்பிடி நூல். கடலில் பெரிய மீன் பிடிக்கிறவர்கள் ஆளி நூலைத்தான் பயன்படுத்தினார்கள், காரணம் அது நனைந்தால் வலுக்கும். பழைய ஸ்பூல்களில் 9 இழை, 12 இழை என்று எண் போட்டிருக்கும். நனைந்த நிலையில் இழைக்கு 3 பவுண்டு என்று கணக்கு, ஆக 9 இழை என்றால் 27 பவுண்டு தாங்கும். பலவீனம் என்னவென்றால், ஒவ்வொரு நாளும் மீன்பிடித்து முடித்ததும் நூலை முழுக்கக் கழற்றி உலர்த்த வேண்டும், விட்டால் இற்றுப்போகும். 1938இல் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனி நைலானை அறிவித்தது, போருக்குப் பிறகு செயற்கை நூல்கள் வந்து குவிந்தன, உலர்த்தும் வேலையை யார் இனிமேல் செய்வார்கள்? லினன் ஸ்பூல்கள் விற்காமல் கடைப் பரண்களில் தங்கின. இன்று "பழைய இருப்பு, பயன்படுத்தாதது" என்று நமக்கு வருவது அப்படித் தங்கியவைதான், அல்லது அப்படித் தங்கியவை என்று சொல்லப்படுபவை.

அமெரிக்க க்யூ கலைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜார்ஜ் பலபுஷ்கா (1912–1975) பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் கட்டைகளை எடுத்து இழைத்துச் செய்த க்யூக்களில் இருக்கும் வெள்ளையும் புள்ளியுமான லினன் சுற்றைப் பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. கார்ட்லேண்ட் என்று பெயர் போட்ட பழைய ஸ்பூல் என்றால் சேகரிப்பவர்கள் விலையே கேட்பதில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து க்யூ ஒன்றைப் பழுதுபார்க்கிறீர்கள் என்றால் அந்தக் காலத்து நூல் போடுவது நியாயம். புதிதாகச் செய்த க்யூவுக்கு எதற்குப் பழைய நூல் என்று கேட்டால் என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி பதில் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

"ஐரிஷ்" என்பதிலும் நிறையக் கதை உண்டு. அயர்லாந்தில் நூற்றதால் ஐரிஷ். ஆளிச் செடி பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் விளைந்ததாக இருக்கலாம். 1825இல் ஜேம்ஸ் கே என்பவர் ஆளி நாரை நீரில் நனைத்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார், அதில் நாரைப் பிணைத்திருக்கும் பெக்டின் இளகுவதால் நூல் மெலிதாகவும் வழவழப்பாகவும் வரும். கையில் நாம் உணரும் அந்த வழவழப்பின் ஆரம்பம் அங்கேதான். லிஸ்பர்னுக்கு அருகில் ஹில்டனில் இருந்த பார்பர் நூல் ஆலை, 1784இல் தொடங்கிய குடும்பத் தொழில், 2006இல் மூடப்பட்டது. ஆக அசல் அயர்லாந்து நூல் என்று யாராவது இன்று புத்தம் புதிய ஸ்பூலைக் காட்டினால் எந்த ஆலை என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

நூலைச் சோதிப்பது கஷ்டம் இல்லை. ஒரு அங்குலம் வெட்டித் தீயில் காட்டினால் லினன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும், நைலானும் பாலியஸ்டரும் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். பருத்தியும் காகிதம் போலவே எரியும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது. முறுக்கைப் பிரித்து ஒரு இழையின் நாரை இழுத்துப் பாருங்கள், பருத்தி நார் குட்டை, ஆளி நார் நீளமாகவும் விறைப்பாகவும் வரும். புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. இன்றைய வெளுப்பேற்றி சேர்த்த வெள்ளை நூல் பளீரென்று நீலமாக ஒளிரும், பழைய ஆளி நூல் பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். லேபிளும் கொஞ்சம் பேசும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பிந்தியது, ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க மண்டல எண் மட்டும் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது, கருப்புக் கோடுகளாகப் பார்கோடு இருந்தால் 1973க்கு முன்பு சாத்தியமே இல்லை. ஆனால் லேபிள் லேபிளின் வயதைத்தான் சொல்லும். நூல் வேறு ஸ்பூலிலிருந்து வந்திருக்கலாம்.

என் நூல் இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறியது. எனக்குக் கோபம் வந்தது அதன் நீளத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சுற்று 12 அங்குலம், நூல் சுமார் 0.7 மில்லிமீட்டர், அப்படியானால் 430க்கு மேல் சுற்றுகள். கைப்பிடியின் சராசரிச் சுற்றளவு 9 சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 39, 40 மீட்டர் நூல் போகும். பழைய ஸ்பூல் 50 கெஜம், அதாவது 45.7 மீட்டர். ஐந்து மீட்டருக்குச் சற்று மேலே மிஞ்சும், வெளி அடுக்கை வெட்டி எறிய அது தாராளம். என்னிடம் விற்றவர் "முழு 50 கெஜம், கை படாதது" என்று எழுதியே கொடுத்தார். வந்ததில் வெட்டி எறிய ஒரு மீட்டர்கூட இல்லை. லேத்தில் சுற்றி முடிக்கும்போது ஸ்பூலில் ஒரு முழம்கூட மிச்சம் இல்லாமல் போய், க்யூ செய்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுனியை உள்ளே இழுத்து முடித்தார். பழுப்பேறிய பகுதியை அவர் முதலிலேயே காட்டி, "இதை விட்டுட்டா நூல் காணாதுங்க, வேற ஸ்பூல் இருக்கா?" என்று கேட்டார். எங்கே இருக்கும்? விற்றவருக்கு எழுதினால் பழைய பொருளில் இதெல்லாம் சகஜம் என்று பதில் வந்தது. பழுப்பேறுவது சகஜம், ஒத்துக்கொள்கிறேன். கெஜம் குறைவது எந்த ஊர் சகஜம்?

சுற்றிய வேலையில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நூல் பருமனை அளந்து அதற்கேற்ப மரத்தில் பள்ளத்தைத் திருத்தினார், அதனால் சுற்றும் மரமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பிசிரைத் தீயில் லேசாகக் காட்டிப் பொசுக்கி, கஞ்சிப் பசை தடவி, லேத் சுழலச் சுழல எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்த்தார். நூலில் இருந்த பச்சைப் புள்ளிகள் கைப்பிடி பின்னோக்கிப் பருப்பதால் ஒரே வரிசையில் நிற்காமல் மெல்லச் சாய்ந்து சாய்ந்து நகர்கின்றன, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பட்டை வரும் இடத்தில் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஆட ஆட அழுக்கேறிச் சமமாகிவிடும் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். ஆனதா? கை படும் இடம் மட்டும் வியர்வையும் சாக் பொடியும் சேர்ந்து சாம்பல் பூத்துக் கறுத்தது. ஆக இப்போது பழுப்பு, சாம்பல், கிரீம் என்று மூன்று நிறம். ஈரத்துணியால் துடைத்தால் கஞ்சி இளகிப் பிசிர் எழும்புகிறது, மறுபடி அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது. நைலான் சுற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் எரிச்சலான வேடிக்கை என்னவென்றால், நூல் நிஜமாகவே பழையது என்பதற்கு இன்று க்யூவில் தெரியும் ஒரே சாட்சி அந்தப் பட்டைதான். புது நூல் முனைக்கு முனை ஒரே நிறத்தில் இருந்திருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் பட்டையைப் பார்த்த உடனே "ஓ, பழைய ஸ்பூலா?" என்று கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. புதிய லினன் இதே அளவு வியர்வை குடிக்கும், ஒரே நிறத்தில் வரும், நீளம் குறையாது, நல்ல கையில் கொடுத்து அழுத்தித் தேய்த்தால் தொடுகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உடனே அடுத்த கேள்வி கேட்டான், "அப்போ நீ மாத்திடுவியா?" மாற்ற மாட்டேன். அந்தத் தடிப்பு போய்விடும்.

பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்று செய். காசு கொடுக்கும் முன் ஸ்பூலை எடை போட்டுப் படம் அனுப்பச் சொல், வெறும் ஸ்பூல் என்ன எடை என்றும் கேள். கையில் வந்ததும் வெளி அடுக்கில் ஒரு சாண் நூலை வெட்டி இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார், அறுந்தால் திருப்பி அனுப்பு. அறாவிட்டால் முழு நீளத்தையும் அளந்துவிட்டு, வெளி அடுக்கை வெட்டிப் போட்ட பிறகுதான் க்யூ செய்பவரிடம் கொண்டுபோ. நீளம் குறைந்தால் விற்றவரோடு அன்றைக்கே சண்டை போடு, லேத்தில் ஏற்றிய பிறகு போட்டால் எடுபடாது.